மேலதிகச் சோடி

விடிய நாலே முக்காலுக்கு
அலஸ்தோட்டச் சந்தியில் ஓட்டோவை நிறுத்தி
விளக்கைச் சிமிட்டவிட்டுக் காத்திருப்பேன்.
பதினொரு பிள்ளைகள். கொட்டாவி.
ஒன்றிரண்டு பேர் பல் துலக்கியிருக்க மாட்டார்கள்.
இருட்டுக்குள் ஓடும் அவர்களை லொறி தட்டிவிடாமல்
நிலாவெளி வீதியில் பின்னாலேயே உருளுவது என் வேலை.
கூலி, பெற்றோல் காசு.
மிச்சம் வேடிக்கை.

தாட்சாயினி மிஸ் கூட ஓடுவதில்லை.
சைக்கிளில் முந்திப் போய்
சாம்பல்தீவுப் பாலத்தடியில் நிற்பார்,
முதுகில் ஒரு பெரிய பை.

அவர் வளர்ந்தது வார்டோவில், நோர்வேயின் உச்சந்தலையில்.
தகப்பன் மீன் வெட்டும் ஆலையில்.
நவம்பரில் போகும் சூரியன்
பொங்கல் கழிந்துதான் திரும்புமாம்.
கலண்டரில் இருந்த சூரியனுக்குப் பொங்கினார்களாம்.
அந்த இருட்டில் நெற்றியில் விளக்குக் கட்டி,
ஒல்லிப் பலகை இரண்டில் காலை மாட்டி,
பனிமேல் தடி ஊன்றித் தள்ளப் பழகியவர்.
பதினாறு வருடம்.
"எத்தனை மெடல் மிஸ்?"
"ஒண்டு. அதிலயும் நாலு பேருக்குப் பங்கு."

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து
உப்பளக் குவியலுக்கு முன்னால் அவரை நிறுத்தி
"பனி மாதிரித்தானே?" என்றார்.
"இல்லை. பனி வழுக்கும். இது கடிக்கும்."
படம் பேப்பரில் வரவேயில்லை.

பிறகொரு நாள், பிளேன் ரீ ஆறும்வரை சொன்னார்:
முப்பது கிலோமீற்றர்ப் போட்டி.
இருபத்திரண்டாவதில் வலக்கைத் தடி முறிந்தது.
ஏற்றம். எதிர்காற்று.
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தேன்.
வளைவில் ஒருத்தன், வேற நாட்டுச் சட்டை,
பேரும் கேக்காமல் ஒரு தடியை நீட்டினான்.
நாலு விரல் நீளம் கூட.
அதை ஊண்டித்தான் நாப்பத்தோராவதா முடிச்சன்.
வெண்டவளின்ர முகம் மறந்திட்டுது.
தடி மஞ்சள்.

பைக்குள் என்ன என்று அன்றைக்கு விளங்கியது:
சப்பாத்துச் சோடிகள், நாடா, ஊசி நூல்,
யாருக்கு எங்கே அறும் என்ற கணக்கு.

மாகாணப் போட்டி உவர்மலை ஏற்றத்தால் போனது.
எங்கள் ரிஸ்மியா முதலாவது.
நெடுந்தூரம் பின்னால் கந்தளாய்ப் பிள்ளை, தில்மி,
சப்பாத்தின் அடி தவளை வாயாய்ப் பிளக்க
தார் வீதியில் குந்திவிட்டாள்.
மிஸ் பையைத் திறந்தார்.
ஏழாம் இலக்கம். ரிஸ்மியாவுக்கென்று வாங்கி
இன்னும் நாடா கோக்காதது.
முழங்காலில் இருந்து கட்டிவிட்டார்.
இருபத்தாறு செக்கன், நான் எண்ணினேன்.
எண்ணியிருக்கக் கூடாது.

முடிவுக் கோட்டில்
தில்மி இரண்டு செக்கன் முன்னே.

ரிஸ்மியா தண்ணீரும் வாங்கவில்லை.
அடுத்த நாள் பத்துப் பிள்ளைகள்.
அதற்கடுத்த நாளும் பத்து.
"வீட்டுக்குப் போய்க் கதையுங்கோவன்," என்றேன்.
"கோவிக்கட்டும்," என்றார். "அது அவளின்ர."
சொல்லிவிட்டுப் பாலத்தடியில்
தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.
நான்காம் நாளும் பத்து.

ஐந்தாம் நாள், எனக்கும் முந்தி,
சந்தியில் ஒரு நிழல் கால்களை உதறிக்கொண்டு நின்றது.
மிஸ்ஸின் முகத்தைப் பார்க்காமல்
சைக்கிள் சில்லைப் பார்த்துச் சொன்னாள்:
"இனிக் குடுக்கிறதெண்டால்
ஒரு சைஸ் பெரிசாக் குடுங்கோ."

மிஸ் சிரித்த சிரிப்பில்
மீன்பெட்டி மேல் படுத்திருந்த நாய் எழும்பிவிட்டது.
எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று
அவளுக்கு விளங்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விளக்கைச் சிமிட்டவிட்டேன்.
அன்றைக்கு அவளுக்குப் பின்னால் போக
கியர் மாற்ற வேண்டியிருந்தது.