உள்ளுக்கு இடம் இருக்கு

காலை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு
திருகோணமலை நிலையத்தில் ஒரே மூச்சில் விடுவேன்:
உப்புவெளி சாம்பல்தீவு நிலாவெளி இறக்கக்கண்டி
கும்புறுப்பிட்டி குச்சவெளி புல்மோட்டை புல்மோட்டை புல்மோட்டே!
கடைசிப் புல்மோட்டையை இழுக்கிற இழுப்பில்
கடலைத்தோலுக்கு வந்த மான்கள் தலைதூக்கும்.

பிறகு எலிக்காய்ச்சல்.
பத்தொன்பது நாள் எனக்காக ஒரு மெஷின் மூச்சு விட்டது.
நல்ல மெஷின், ஒருநாளும் லீவு எடுக்கவில்லை.
லீவில் கிடந்தது என் சதைதான்.
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே
குடைபோலக் கவிழ்ந்திருக்குமாம் அது.
வேலையில்லாமல் மெலிந்து
நனைந்த டிக்கெட் மாதிரி ஆகிவிட்டதாம்.

குழாயைக் கழற்றிய அன்று
சுகந்தமலர் கட்டிலடியில் நின்று
"ஏதாவது கதையுங்கோ" என்றாள்.
"உப்பு" என்றேன்.
கஞ்சிக்குக் கேட்கிறேன் என்று நினைத்து ஓடினாள்.
வெளி வருவதற்கு
இன்னொரு மூச்சு தேவைப்பட்டது.

நிரோஷா மிஸ் கந்தளாய்ப் பக்கம்.
கையில் விசில் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான்.
பெட்டியில் மார்க்கரால் யாரோ ஒருவரின் பெயர்,
அழித்தும் அழியாமல்: முஸம்மில், கட்டில் ஏழு.
வார்டுக்கே மூன்றுதானாம்.
வாய்த்துண்டை மாற்றித் தந்தார். ஊதப் போனேன்.
"ஊத வேணாம் ஐயா, இழுங்க.
எல்லாரும் முதல்ல ஊதத்தான் பார்க்கிறது."

உள்ளே ஒரு ஸ்பிரிங்.
அது திறக்குமளவு இழுத்தால்தான் காற்று.
மூக்குக்குக் கிளிப். அளவு ஒன்பது.
ஒன்பது சென்ரிமீற்றர் தண்ணீர்!
கொட்டியாரக் குடாவில் நீந்தி வளர்ந்தவனுக்கு.
கணுக்கால் முழுதாய் நனையாத அந்த ஆழத்தில்
மூழ்கினேன்.

எக்காய், தெக்காய், துனாய், ஹதராய்...
காலையில் முப்பது, பின்னேரம் முப்பது.
பதினொன்றில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது.
"கெதியா இழுங்க, மெதுவா விடுங்க.
இன்னும், இன்னும். உள்ளுக்கு இடம் இருக்கு ஐயா,
உள்ளுக்கு இடம் இருக்கு."

இருபத்திரண்டு வருஷம்
நான் சனத்துக்குச் சொல்லிவந்த பொய்!
மிதிபலகையில் தொங்குகிற பெடியனுக்கு,
கைக்குழந்தைக்காரிக்கு,
கருவாட்டுப் பெட்டியோடு ஏறுகிறவருக்கு.
சிரித்துவிட்டேன்.
சிரிப்புக்கும் காற்று வேண்டுமாம்.
இருமி முடிய ஐந்து நிமிஷம்.

"நுரையீரல் பழையபடி வருமா மிஸ்?"
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.
"அதில தழும்பு இருக்கு. இது அதை ஒண்டும் செய்யாது.
இது இழுக்கிற சதைக்கு மட்டும்.
சதைக்குப் பலம் வந்தா
அதே தூரத்துக்கு இளைப்பு குறையும்."
டீசல் கணக்கு. எனக்கு விளங்கியது.

ஒன்பது பன்னிரண்டானது.
பதினைந்தில் ஒரு கிழமை இறுகி நின்றது,
கோபத்தில் சாமானைத் தலையணைக்குக் கீழே ஒளித்தேன்.
பதினெட்டில் கக்கூசுக்குத் தனியே போய்
கதவுக்குக் கொண்டி போட்டேன்.
அந்தச் சத்தம் எவ்வளவு அழகு!
இரவலாக வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு
சூடை மீன் துப்புரவாக்கியபடி சுகந்தமலர் எண்ணுவாள்.
இரக்கப்பட்டு, பதினேழிலிருந்து இருபதுக்குப் பாய்வாள்.
நான் விட்டதையும் சேர்த்து இழுப்பேன்.
இருபத்தாறில்
சேர்ட் பட்டனைப் போட்டுக்கொண்டே
அவளோடு சண்டை பிடிக்க முடிந்தது.

சாமானைத் திருப்பிக் கொடுத்த அன்று பார்த்தேன்:
முஸம்மிலுக்குக் கீழே தயாளரூபன்,
அதற்கும் கீழே, மை காயாமல், ஒரு பெண்பெயர்.

நேற்று, ஐந்தே முக்கால்.
உப்புவெளி சாம்பல்தீவு நிலாவெளி இறக்கக்கண்டி
கும்புறுப்பிட்டி
நின்றேன். எடுத்தேன்.
குச்சவெளி புல்மோட்டை.
சனம் ஒன்றும் கவனிக்கவில்லை.
மான் ஒன்று பார்த்தது, அதுவும் கடலைத்தோலுக்கு.
டிரைவர் ஜௌபர்தான் கண்ணாடிக்குள்ளால் கேட்டான்:
"என்ன அண்ணே, நடுவில ஒரு ஹோல்ட்?"
"புதுசு" என்றேன்.
"ரைட்."