ஆறாயிரம் பாகம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பகலிலும் டியூப் லைட் எரியும் கடை முதலாளியுடையது.
கம்ப்யூட்டரும், லாரிப் புகையில் வந்த இருமலும்
என்னுடையவை.

நான் விமானம் ஏறியதில்லை.
ஆனாலும் கேட்டால் சொல்வேன்.
திருவனந்தபுரம் – டப்ளின்
நேர்க்கோட்டில் எட்டாயிரத்து எழுநூறு, சொச்சம்.
நேர்க்கோட்டில் யாரும் போவதில்லை.
தோஹாவில் இறங்கி, கண்ணாடிக்குள்
நாலு மணிக்கூர் உட்கார்ந்து
வேறொன்றில் ஏறினால்
மொத்தம் பதினாறு.
களியக்காவிளையில் லாரி மறிந்தால்
அந்த நேரம் இந்தக் கணக்கில் சேராது.

ததேயு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
சட்டையில் டீசல் மணம்.
டிக்கெட் ஜெனிலாவுக்கு; நர்ஸ், லீவு முடிகிறது.
இருபத்தொன்றாம் தேதி, அதிகாலை நாலு பத்து.
"கொண்டுவிடப் போவீங்களா?"
பதினாறாம் தேதியே போட்டு இறங்குதாம்
தேங்காப்பட்டணத்தில்.
திரும்ப முப்பத்தைந்து நாள் ஆகும்.

பிறகு கேட்டார்:
"பிளேன் எது வழியா போவும்?"

எத்தனை மணிக்கூர், எத்தனை கிலோ,
கருவாடு கொண்டு போனால் பிடிப்பார்களா
என்று கேட்பவர்கள்தான் இங்கே வருவார்கள்.
வழி கேட்டு யாரும் வந்ததில்லை.
திரையைத் திருப்பி வைத்தேன்.
கடல்மேல் வடமேற்காக லேசாக வளைந்த கோடு.
அதன்மேல் விரலை வைத்தார்,
பாதி நகம் போன விரல்.
"இஞ்சதான் நாங்க கெடப்போம்."

கரையிலிருந்து அவருக்கு அது
இரண்டு பகல், இரண்டு ராத்திரி.
அவளுக்கோ, சாப்பாட்டு வண்டி
அவள் வரிசைக்கு வரும் முன்னே முடிந்துவிடும்.

"எத்தற உயரம்?"
முப்பத்தாறாயிரம் அடி.
உதடு அசைய ஆறால் வகுத்தார்.
"ஆறாயிரம் பாகம்" என்று சிரித்தார்,
"அத்தற தாழ்ச்சிக்கு எங்கிட்ட கயிறு இல்ல."
பதினோரு கிலோமீட்டர் என்றேன் நான்.
இங்கிருந்து கருங்கல் போகிற தூரம்தான்,
கொஞ்சம் கூடும்.
பஸ்ஸில் அரை மணிக்கூர்,
ஜங்ஷனில் மாட்டினால் முக்கால்.

எட்டாயிரத்து எழுநூறில்
அவர்களுக்கு இடையே பதினொன்று மட்டும் மிஞ்சுகிற
ஒரு நிமிடம், அதுவும் முழுசாக இல்லை.
அந்தக் காசோலையின் பின்னால்
போட்டின் பெயரை எழுதிக் கொடுத்தார், எதற்கென்று தெரியவில்லை.
பைலட்டிடம் சொல்ல என்னால் முடியும் என்று
நினைத்தாரோ என்னவோ.

அடுத்த மாசம் கறுத்து, மெலிந்து வந்தார்.
"அண்ணைக்கு மூணு பிளேன் போச்சு பிள்ளே.
எது எண்ணு தெரியல்ல.
மூணுக்கும் டார்ச் அடிச்சேன்.
டிரைவர் ஏசினான், பேட்டரி தீருதுண்ணு."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.
"ஒறங்கிட்டேன்னு சொன்னா."

ஜன்னல் சீட்டுக்குத் தனியாக ஆயிரத்து இருநூறு.
கேட்காமலே நடு சீட் போட்டது நான்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.
வரும் டிசம்பருக்கு அவள் இங்கே வர டிக்கெட் போட்டபோது
என் சம்பளத்திலிருந்து கட்டினேன்.
இடது பக்கமா, வலது பக்கமா என்று மட்டும்
வெகுநேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.