இடதுமேல் மூலை

கருங்கல் ஜங்ஷனில் வாழைக்குலைக் கடைக்கு மேல்மாடி.
பதினோரு தட்டச்சு இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே
போர்வை போர்த்திய ஒரே கம்ப்யூட்டர்.
மணிக்குப் பதினைந்து ரூபாய்.
லோட்டஸ் பாடம் சீக்கிரம் முடிந்தால்
மிச்ச நிமிடங்களுக்கு விமானம்.

ரெக்ஸ்லினின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து
ஜாய்ஸ்டிக் கொண்டுவந்தான்.
கறுப்புக் கழுத்து, சிவப்புப் பொத்தான்,
வால் நுனியில் பதினைந்து ஊசிகள்.
எங்கள் பெட்டியின் முதுகில் அதற்கு ஓட்டை இல்லை.
ரெக்ஸ்லின் அதை மடியில் வைத்துக்கொண்டு
நான் பறக்கும்போதெல்லாம் கூடவே
வளைத்தான், சாய்த்தான், சுட்டான்.
எங்கும் போய்ச் சேராத அந்த வளைவுகள்
திரையில் என் விமானம் போனதைவிட அழகு.

எனக்கு ஹையர் கிரேடு விரல்கள்.
விமானம் திரையின் வலது ஓரத்தைத் தொட்டதும்
இடது கை தானாக எழும்பும்,
இல்லாத நெம்புகோலைத் தள்ள.
முதல் பதினேழு சாவுகள்
அந்த அரை நொடியில்.

கையைத் தொடைக்கடியில் வைத்து அடக்கியபிறகு
வேறொன்று தெரிந்தது.
இடம், மேல், சுடு
மூன்றையும் சேர்த்து அமுக்கினால்
கடைசியாக அமுக்கியதைப் பலகை விழுங்கிவிடும்.
வலம், மேல், சுடு என்றால் ஒரு குழப்பமும் இல்லை.
"நீ அமுக்கல பிள்ளே."
அமுக்கினேன். நகம் வெளுக்க அமுக்கினேன்.

கருங்கல்லில் எல்லா விமானமும்
இடதுமேல் மூலையில்தான் விழுந்தன.
மார்த்தாண்டத்துப் பலகையில் அது வேறு மூலை என்றான் பெர்ஜின்.
அவன் அங்கே செத்த இடத்தில்
நாங்கள் இங்கே உயிரோடிருந்தோம்.

ஆனி மழை. ஜன்னலில் ரப்பர் ஷீட் புகை நாற்றம்.
தளர்ந்துபோன நீள விசைக்கு அடியில்
ஒட்டுப்பால் துணுக்கொன்றைத் திணித்தேன்;
ஓர் அமுக்கலுக்கு இரண்டு குண்டு தெறித்தது.
மூலையைக் கடக்கவும் வழி பிறந்தது:
மேலே. விடு. சுடு. விடு. இடம்.
படியேறுகிற விமானம்.
பின்னால் நின்ற பையன்கள் அதை ஸ்டைல் என்று நினைத்து
அப்படியே பழகினார்கள்.

அடுத்த வருஷம் டெல்பின் அக்கா கார்டு போட்டாள்.
பதினைந்து ஊசிகளும் கடைசியில் உள்ளே போயின.
ஆட்டம் தொடங்குமுன் திரை ஜாய்ஸ்டிக்கிடம் கேட்டது:
இடதுமேல் மூலைக்குத் தள்ளிப் பொத்தானை அமுக்கு.

ரெக்ஸ்லின் என்னைப் பார்த்தான்.
"நீயே செய்யி."

தள்ளினேன். அமுக்கினேன்.
சரி என்றது.
அவ்வளவுதான், சரி.

பிறகு பறந்தேன். வானம் முழுக்கத் திறந்து கிடந்தது.
கழுத்து கடக் கடக்கென்று சத்தம் போட
என் விமானம் மேலே போனது,
நின்றது, சுட்டது, நின்றது,
இடம் போனது.

"சாய்ச்சுப் போ பிள்ளே, சாய்ச்சு" என்றான்,
வெறும் மடியில்
கையை வளைத்துக் காட்டியபடி.