அறுபது கிராம்

கருங்கலுக்குப் பக்கத்து அண்டியாபீசில்
உடைப்புச் செட்டில் மூணாவது வரிசை என்னுடையது.
பதினெட்டு வருசம்.
விரலில் அண்டியெண்ணெய்க் கறுப்பு, அதன்மேல் சாம்பல்,
வாயில் ஒரே சொல்:
"வெளங்காது."

காலையில் கேட் திறக்குமுன்னே சொல்லிவிடுவேன்.
போனசு வருமா என்று டெல்பின் கேட்டால், வெளங்காது.
கக்கூஸ் கதவுக்குக் கொண்டி போடுவார்களா, வெளங்காது.
சரோஜபாயின் மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைத்தபோதும்
சாம்பலைத் தட்டிக்கொண்டே அதைத்தான் சொன்னேன்.
அன்றிலிருந்து அவள்
என் பக்கத்தில் இருந்து சோறு தின்பதில்லை.

உள்ளதைச் சொன்னால் அதில் ஒரு சுகம் இருந்தது.
எதையும் எதிர்பார்க்காதவளை
யார் வந்து ஏமாற்றுவது?
சொன்னது பலித்த நாளெல்லாம் ஜெயித்த நாள்.
பெரும்பாலும் பலித்தது.

மொதலாளிக்கு எங்கள் முகம் பிடிக்கவில்லை போல.
சுவரில் ஒரு படம் ஒட்டினார்.
மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு சிரிப்பு,
கீழே 'புன்னகையோடு பணி செய்வோம்'.
வறுக்கிற புகையில் ஒரே மாசத்தில்
அந்தச் சிரிப்பும் எங்கள் நிறத்துக்கு வந்துவிட்டது.

தராசு திருடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.
கட்டஞ்சாயா நேரத்தில் தினமும் அதுதான் பேச்சு.
தராசை, சூப்பர்வைசரை, அவர் மச்சானை,
தராசு செய்தவனின் ஏழு தலைமுறையை.
பேசி முடித்து, கப்பைக் கழுவிக் கவிழ்த்து,
அதே தராசின் முன்னால் போய் வரிசையில் நின்றோம்.

மிடாலத்திலிருந்து வந்த ரெஜிலா
மூணு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.
ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை
சோற்றுப் பைக்குள்ளிருந்து சீனி எடுத்தாள்,
பொட்டிக்காத ஒரு கிலோ பாக்கெட்.
பருப்புக்கு முன்னால் அதைத் தட்டில் வைத்தாள்.

சிவப்பு எண்கள் துடித்து நின்றன.
0.940

"அண்ணே, சீனி குறையுதா தராசு குறையுதா,
ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."
கடையில் மிச்சக் காசு கேட்கிற குரல்,
அதற்கு மேல் ஒரு இழை ஏறவில்லை.

"பிள்ளே, நாளைக்கு ஒனக்கு வேலை இருக்காது,"
பின்னாலிருந்து சத்தமாகத்தான் சொன்னேன்.
பயம்காட்டவா, காப்பாற்றவா,
இப்போதும் எனக்குத் தெரியாது.

கிறிஸ்டல்தாஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முதலில் சீனிக் கம்பெனியைச் சந்தேகப்பட்டார்.
டெல்பின் எதிர்க்கடைக்கு ஓடி
ஒரு கிலோ உப்பு கடன் வாங்கி வந்தாள்.
உப்பும் அறுபது கிராம் இளைத்திருந்தது.
யாரோ சிரித்தார்கள்.
கொஞ்சம் பிந்தி அவரும் சிரித்தார்.

வியாழக்கிழமை நாகர்கோவிலிலிருந்து ஆள் வந்து
தராசைக் கழற்றி, சரிபார்த்து, முத்திரை வைத்துப் போனார்.
பழைய பாக்கி கேட்டோம். பாப்போம் என்றார்கள்.
கொண்டி இன்னும் போடவில்லை.
ரெஜிலாவின் வேலை போகவில்லை.
நான் சொன்னது பலிக்காத அந்த நாள்
தோற்றதுபோல்தான் இருந்தது எனக்கு,
ஒரு மணி நேரம்.

அந்தச் சீனியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.
சாயாப் பானையில் தாராளமாகக் கொட்டினாள்.
சரோஜபாய்க்கு நான்தான் கப்பை நீட்டினேன்.
"மவளுக்கு காலேஜ் எப்ப தொடங்குது?"
அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை.
"அடுத்த மாசம். ஏன், வெளங்காதா?"

நாக்கு நுனிவரை வந்தது, பழக்கதோசம்.
சாயாவோடு சேர்த்து விழுங்கினேன்.
சூடு, நாக்கு பொள்ளிவிட்டது.

அப்புறம் யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டேன்,
கருங்கல் சந்தையில்
ஒரு கொண்டி என்ன விலை இருக்கும்,
பில்லு தருவார்களா என்று.