ஆனிக் காற்று

பதினெட்டு கேட்டிருந்தார்.
பதினைந்துக்கு மேல் பைசா கிடையாது என்று
பல்லடத்தில் பஸ் ஏறும்போதே முடிச்சுப் போட்டிருந்தேன்.

கோமங்கலத்தில் மருதாசலம்
கோழித்தீவன மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து
ஒற்றைக் கையில் தூக்கி வந்தார்.
"ஒம்பதரைக் கிலோதானுங்க."

ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை.
சீட்டுக் குழாயில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு,
அவர் கால் அளவு.
மூன்று விரல் கீழே இறக்கினோம்.

நிட்டிங் மிஷின் மெக்கானிக் நான்,
பெடலைச் சுற்றிக் காது கொடுத்தேன்.
செயின் பொய் சொல்லவில்லை.

உடுமலை ரோட்டில் குனிந்து பிடித்ததும்
தென்னைகள் பின்னால் ஓடின.
ஒரு டெம்போவை முந்தினேன்!
இந்தத் தொடையிலா இத்தனை நாள் இது கிடந்தது என்று
காற்றாலை வரை சிரித்துக்கொண்டே போனேன்.

திரும்பினேன்.
பாலக்காட்டுக் கணவாய் மொத்தமும்
நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.
கியர் என்று பிரேக்கைப் பிடித்தேன்.
பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று
இரக்கமாகப் பார்த்துக் கடந்தது.

"எவ்வளவுங்க தருவீங்க?"

பதினைந்து என்று சொல்ல
மூச்சு இல்லை.
செம்புத் தண்ணீரை நீட்டி
அவரே ஐநூறு குறைத்துக்கொண்டார்.

எண்ணிக் கொடுத்துவிட்டு ஏறினேன்.
இனி வடக்கே.
பல்லடம் வரை
பக்கக் காற்று.