அடங்கல், தாரண வருஷம்

மார்கழி இருபது.
சர்வே நம்பர் நூற்றுப் பதினாலு பை இரண்டில்
ஆகாசம் விழுந்துவிட்டதாகத் தலையாரி வந்து சொன்னான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கோரையாற்றுக் கரையில்
பாதி ஊர் நின்றது, மீதி ஊர் வந்துகொண்டிருந்தது.
கதிர் தலைசாயத் தொடங்கிய சம்பா.
ஒரு மாவுக்கு எரித்து, அரை மாவுக்கு உழுது
மூக்கைச் சேற்றில் புதைத்துக்கொண்டு
வால் நட்டமாய் நின்றது.
தண்ணீர் வெந்திருந்தது.
வரப்போரம் நண்டுகள் சிவந்து கிடந்தன.

மறுநாள் தஞ்சாவூர் ஏரோடிராமிலிருந்து லாரி.
வெள்ளைக்கார சார்ஜண்ட் சிகரெட்டோடு தள்ளி நின்றார்.
தூத்துக்குடி மெக்கானிக் கொரேரா
செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார்.

பெயர் கேட்டேன்.
காகிதத்தில் எழுதிக் காட்டினார்.
மகாமகக் குளத்துக் கூட்டம்போல் எழுத்துகள் நெரிந்தன.
ஷ்செப்பான் ப்ஷெஸ்கி என்று படித்தார்.

இருபத்திரண்டு வருஷமாய்ப் பெயர் எழுதிப் பிழைக்கிறவன் நான்.
சொல்லுக்கு முதலில் மெய் தனித்து வராது என்று
பிரம்படியோடு படித்தவன்.
இங்கே மெய்மேல் மெய்.
நடுவே உயிர் வைத்தால்தான் நம் நாக்கில் ஏறும்.
வைத்துப் பார்த்தேன்: பிசெசுகி.
கோணிச் சாக்கின் கீழ் அவர் மெய் கிடந்தது.
பேனாவை இரண்டு தடவை மையில் தோய்த்தேன்.

ஊர்?
போலந்து, என்றார் கொரேரா. இப்போது யார் வசமோ.
மேற்கிலிருந்து ஒருவன் நுழைந்தானாம்,
பதினாறு நாள் கழித்துக் கிழக்கிலிருந்து இன்னொருவன்.
பட்டா ஒருவர் பேரில், அனுபவம் வேறொருவர் கையில்.
இது எனக்குப் புரிகிற வழக்கு.

விமானமில்லாத விமானியாய் ருமேனியாவுக்கு நடந்தாராம்.
பிறகு பிரான்சு. அதுவும் கைமாறியது.
இங்கிலாந்து ஆகாசத்தில் நான்கு விமானங்களை வீழ்த்தினார்.
ஐந்தாவது கணக்கில் ஏறவில்லை, சாட்சி இல்லை.
அங்கேயும் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.
முகம் வெந்து ஆறிய பிறகு இந்தப் பக்கம் அனுப்பினார்கள்,
பழுது பார்த்த விமானங்களைப் பறந்து சோதிக்க.
வேளாங்கண்ணி போக லீவு கேட்டிருந்தாராம்.

சட்டைப்பையில் ஒரு கடிதம், தங்கைக்கு எழுதியது.
மேலுறையில் நான்கு ஊர்களின் தபால் முத்திரை,
நான்கும் திருப்பி அனுப்பிய ஊர்கள்.

தெருவைத் தப்பவிட்டு வயலில் இறக்கினார் என்கிறது ஊர்.
இருக்கலாம்.
நான் பார்க்காததை எழுதுவதில்லை.

குத்தகைக்காரன் வைரக்கண்ணு மூன்று நாள் வாய் திறக்கவில்லை.
நாலாம் நாள் வந்தான். வஜா கேட்கத்தான் என்று
மனுக் காகிதத்தை எடுத்து வைத்தேன்.
அவன் கேட்டது வேறு.
'என் தம்பி பேராக்கில் பால்மரம் சீவப் போனான்.
ஜப்பான்காரன் வந்ததிலிருந்து காகிதம் இல்லை.
ரயில் போடக் காட்டுக்கு ஓட்டிப் போனதாகக் கேள்வி.
அந்தக் காட்டில் நம்பர் உண்டா அய்யா?
விழுந்தால் யாராவது எழுதுவார்களா?'

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

'இல்லையென்றால் இந்த ஆளுக்குக் கீழே ஓரமாய்
அவன் பேரையும் போட்டு வையுங்கள்.
செத்தவன் என்று எழுத வேண்டாம். பேர் மட்டும்.'

சட்டப்படி கூடாது.
போட்டேன். உத்திராபதி.
உயிரில் தொடங்குகிற பெயர், கை எங்கும் தடுக்கவில்லை.

தையில் மிச்சத்தை அறுத்தார்கள்.
அஞ்சலாளின் காலில் தகடு குத்திப் பதினைந்து நாள் சீழ் வடிந்தது.
எரிந்த இடத்துக்கு எதிரே எழுதினேன்:
பயிர், சம்பா. விளைச்சல், சாவி.

ஆனியில் ஜமாபந்தி.
தாசில்தார் இரண்டு பெயரின் மீதும் சிவப்பு மைக்கோடு இழுத்து
'சம்பந்தமில்லாதவை' என்று ஓரத்தில் எழுதினார்.
வைரக்கண்ணுவின் வஜா மனு தள்ளுபடி.
காரணம்: சேதம் இயற்கையால் நேர்ந்ததல்ல.