ஒரு முழம்

பள்ளிப்பட்டுக்கு வடக்கே
பதினோராம் கிலோமீட்டரில் எங்கள் தார் நிற்கும்.
ஒரு முழம் தள்ளி
அவர்கள் தார் தொடங்கும்.
இடையில் கிடந்தது
எந்த டெண்டரிலும் ஏறாத மண்.

சாலைப் பணியாளனாகச் சேர்ந்த அன்று
கோடு எங்கே என்று கேட்டேன்.
மேஸ்திரி எத்திராஜுலு
வெற்றிலைச் சாற்றைத் துப்பிக் காட்டினார்.
"இங்க. மழை வந்தா கொஞ்சம் நகரும்."

ஆபீஸ் பீரோவின் அடித்தட்டில்
கறையான் விட்டுவைத்த பதிவேட்டில்
இந்த ரோட்டுக்கு உப்புத் தடம் என்று பெயர்.
ஜமீன் காலத்தில் குதிரைத் தடம்.
வெள்ளைக்காரன் சங்கிலி பிடித்ததும்
வெறும் எண்.
அளக்க வந்த துரை பாதியில் காய்ச்சல் கண்டு செத்தான்.
மிச்சத்தை அவன் சமையற்காரன்
காலடி வைத்து எண்ணி எழுதிக் கொடுத்தானாம்.
ஆறாம் கல்லிலிருந்து ஏழாம் கல்வரைக்கும்
மைல் கொஞ்சம் நீளம்.

அறுபதில்
சித்தூர் ஜில்லாவில் படுத்தவர்கள்
செங்கல்பட்டு ஜில்லாவில் எழுந்தார்கள்.
கல் நட வந்தவர்களிடம்
என்ன கல் என்று தெலுங்கில் கேட்டார்கள்.
நட்டவர்களும் தெலுங்கில்தான் சொன்னார்கள்.
கல்லில் மட்டும் தமிழ்.
அதன் முதுகில் பெயின்ட் அடிக்க
அந்தப் பக்கத்து ஆள் வந்து சேர
இரண்டு வருஷம்.

கல்லுக்குப் பக்கத்தில், கோட்டின்மேலேயே ஒரு புளியமரம்.
தெற்குக் கிளைகளுக்கு ஓர் ஏலம்,
வடக்குக் கிளைகளுக்கு ஓர் ஏலம்.
காற்று இரண்டுக்கும் கட்டுப்படாது.
இங்கே எடுத்த குருவராஜுவும்
அங்கே எடுத்த பெஞ்சலய்யாவும்
உதிர்ந்த பழத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள்.
ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பி
சம்பந்தி ஆனார்கள்.
மரத்தை வெட்டியாயிற்று.
வழக்கு நடக்கிறது.

ராத்திரியில் ரேஷன் அரிசி வடக்கே போகும்,
பாலிஷ் போட்டுக்கொண்டு புதுச் சாக்கில் தெற்கே வரும்.
வரி ஒன்றானதும்
செக்போஸ்ட்டுக் கட்டையைக் கழற்றிப்போனார்கள்.
கூண்டில் இப்போது பஞ்சர் ஒட்டுகிறார்கள்.

பிறகு நோய் வந்த வருஷம்.
ரோட்டுக்குக் குறுக்கே பள்ளம் எடு,
ஆறடி ஆழம் என்று உத்தரவு.
நான் போட்ட ரோட்டை நானே வெட்டினேன்.
தார். ஜல்லி. மறுபடி தார்.
செம்மண். கருங்கல் பாவு.
எருமைக் கொம்பு ஒன்று.
எல்லாவற்றுக்கும் கீழே, இறுகிப்போன களிமண்ணில்
சக்கரம் அழுத்திய இரண்டு வரிகள்
நேராக வடக்கே.
குறுக்குக் கோடு
எந்த அடுக்கிலும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அக்கரையில் தேசம்மா நின்றாள்.
அவர்கள் கேங்கில் தார் வாளி தூக்குகிறவள்.
மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு
பள்ளத்தை ஏற இறங்கப் பார்த்து
தெலுங்கில் கேட்டாள்:
"எங்க பக்கம் அரை அடி வெட்டியிருக்கியே,
அதுக்கு யாரு பில் போடுறது?"
பதினைந்து நாளில் சிரித்த முதல் சிரிப்பு அது.
கையிலிருந்த பொட்டலத்தை இந்தப் பக்கம் எறிந்தாள்.
நாட்டுச் சர்க்கரை.
பாதி பள்ளத்தில் கொட்டிப்போனது.
எறும்புகள் மட்டும் அந்த மாதம்
பாஸ் இல்லாமல் போய்வந்தன.

மூடச் சொன்னபோது
இரண்டு கேங்கும் இரண்டு பக்கமும் நின்று மண் தள்ளினோம்.
அவர்கள் மண் எது, எங்கள் மண் எது,
முழம் எங்கே இருந்தது,
யாரும் டேப் பிடிக்கவில்லை.
சரியாக அமுங்காத இடத்தில்
பஸ் இன்றைக்கும் ஒரு துள்ளல் துள்ளும்.
கண்டக்டர் தூக்கம் கலைந்து
பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இந்த மாசியில் புதிய கான்ட்ராக்டர்
மிஷினை ஓடவிட்டபடியே கேட்டார்,
எங்கே நிறுத்தணும்?
எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.
டம்ளரில் மிச்சமிருந்த டீயை
கொஞ்சம் வடக்கே தள்ளி ஊற்றிக் காட்டினேன்.

பில்லில் ஒரு முழம் அதிகம்.
தணிக்கை இன்னும் வரவில்லை.